எந்த எடத்துலங்க?

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் நாத்தனார் கண்ணை மூடும்போது என் மடியில் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஆறு பேரும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கிறார்கள். ஒருத்தருக்காகவும் நான் எவர் வாசலிலும் போய் நின்றதில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு வசதி.

நான் படித்தது என் பெயரை எழுதவும் பஸ் போர்டு பார்க்கவும்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகனின் மகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழில் போடு, அடுத்தவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். போடுகிறாளா என்பது கடைசியில் தெரியும்.

நான் சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால், எங்கே இருந்தாலும் போன் போட்டு, "நான் அப்படிச் சொல்லலைங்களேம்மா" என்று திருத்துவாள்.

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற சாலையில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால், முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிய ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. அதை ஒரு மில் முதலாளி வாடகைக்குக் கேட்டார். மனிதருக்கு ரேஸ் என்றால் உயிர். தரையோடு ஒட்டிப் படுத்த மாதிரி, கூரை இல்லாமல், ஓர் ஆள் மட்டும் உட்காருகிற வண்டி ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தினார். அதற்கு மெக்கானிக் என் மூன்றாவது மகன். ஓட்டுகிற தம்பி டவுனில் ஒரு வாத்தியார் வீட்டுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகாமல் ரேசுக்குப் போகிறான் என்று அவன் அம்மாவுக்குத் தீராத வருத்தம். எல்லோருக்கும் சோறு என் கையால். ஊருக்கு வெளியே ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டுக்கு எங்கே போவார்கள்.

கடைசியாக வந்தவள் அவள். பாலசமுத்திரத்துக்காரி, தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீடு. எஞ்சினியருக்குப் படித்தவள். எங்கள் மாடி அறையில் தங்கினாள். அவள் வேலை என்ன என்று எனக்கு ஒரு மாதம் வரை விளங்கவில்லை. கையில் கிரீஸ் படவில்லை, வண்டியில் ஏறவில்லை. திரை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதில் ஓடுகிற கலர் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குச் சம்பளமா என்று மகனிடம் கேட்டேன். அவன்தான் சொன்னான்.

வண்டியில் அங்கங்கே விரல்நுனி அளவுக்கு சென்சார் வைத்திருக்கிறார்களாம். ஓட்டுகிறவன் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தான், பிரேக்கை எவ்வளவு அழுத்தினான், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் எவ்வளவு ஒடித்தான், சக்கரம் எவ்வளவு சூடானது, எல்லாவற்றையும் அவை கவனித்துக்கொண்டே இருக்கும். வண்டி ஓடும்போதே அது காற்று வழியாக வந்து இவள் திரையில் கோடாக விழும். ஒவ்வொரு சமாசாரத்துக்கும் ஒரு கோடு. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆஸ்பத்திரியில் சுருள் காகிதத்தில் ஏறி இறங்கின கோட்டை நான் பார்த்திருக்கிறேன். அது போலத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அவள் வாயில் அதிகம் வருகிற பேச்சு ஒன்றுதான். யார் என்ன குறை சொன்னாலும், "எந்த எடத்துலங்க?" என்பாள்.

ஓட்டுகிற தம்பி பயிற்சி முடிந்து வருவான். வரும்போதே எஞ்சினில் இழுவை இல்லை என்று என் மகனைப் பார்த்து முறைப்பான். அவள் குறுக்கே வந்து எந்த எடத்துலங்க என்பாள். அவன் எல்லா இடத்திலும்தான் என்பான். அப்படி ஓர் இடம் கிடையாதுங்களே என்பாள். பிறகு அவன் நன்றாக ஓட்டின ஒரு சுற்றின் கோட்டையும், அன்றைக்கு ஓட்டின சுற்றின் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவாள். இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். ஓரிடத்தில் மட்டும் பிரியும். அந்த இடத்தில் விரலை வைப்பாள். வேகமாக ஒரு வளைவு வருகிற இடம். வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டர் கோட்டில் எறும்பு கடித்த மாதிரி ஒரு பள்ளம் இருக்கும்.

"இங்க காலை எடுக்கறீங்க."

"எடுக்கவே இல்ல. முழுசா அமுக்கித்தான் போறேன்."

"சரிங்க."

அவ்வளவுதான். வாதாட மாட்டாள். திரையை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அவன் தனியாக உட்கார்ந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அடுத்த பயிற்சியில் அந்தப் பள்ளம் இருக்காது. என் மகன் என் காதோடு சொல்வான், கால் பயந்தது தலைக்குத் தெரியாதும்மா என்று.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. என் அப்பா அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். விற்கிறவன் வாயைப் பார்க்காதே, ஆட்டு முதுகைத் தொட்டுப் பார் என்பார். கை வைத்தால் எலும்பு எங்கே, சதை எங்கே என்று தெரிந்துவிடும். இவள் தொட்டுப் பார்க்கிற முதுகு அந்தக் கோடு.

ஆனால் இந்தப் புத்தியை அவள் ஷெட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வந்த புதிதில் ஒரு நாள் புளிக்குழம்பு வைத்துப் போட்டேன். எல்லோரும் வழக்கம்போல் பிரமாதம் என்றார்கள். அவள் மட்டும் இரண்டாம் கவளத்தில் நிறுத்தி, "போன வாரம் இருந்த புளிப்பு இன்னைக்கு இல்லைங்கம்மா" என்றாள். ஐம்பது வருஷமாக என் குழம்பை ஒருத்தர் குறை சொன்னதில்லை. அன்று அவளுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் குறைவாகத்தான் வைத்தேன். ஆனால் அடுப்படிக்குப் போய்ப் பானையைப் பார்த்தேன். பழைய புளி தீர்ந்து, மருமகள் புதுப் புளி எடுத்துப் போட்டிருக்கிறாள். அவள் நாக்குக்கும் ஒரு கோடு ஓடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு நாள் எனக்கும் மருமகளுக்கும் வாய் தடித்துவிட்டது. இரண்டு பேருமே அவளிடம் நியாயம் கேட்டுப் போனோம். நான் ஒரு பக்கம் சொல்ல, மருமகள் ஒரு பக்கம் சொல்ல, அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, சண்டை எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று கேட்டாள். நான் யோசித்தேன். மருமகளும் யோசித்தாள். இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. மருமகள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை, ஆனால் அதோடு விட்டுவிட்டேன்.

அப்படி ஒரு வருஷம் போனது. பிறகுதான் அந்த ரேஸ் வந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஓடிய ரேஸ். நான் போகவில்லை. பிற்பகலில் மகன் போன் செய்தான். வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி நேராகப் போய் டயர்ச் சுவரில் மோதிவிட்டது, ஓட்டின தம்பிக்கு உயிருக்கு ஆபத்தில்லை, காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருக்கிறது என்றான். அவன் குரல் சரியில்லை. உனக்கு என்னடா என்றேன். எனக்கென்ன என்றான். மற்றதை அடுத்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதலாளி அத்தனை பேர் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்து, பிரேக்கில் ஏர் சரியாக எடுக்கவில்லை, நீதான் அந்தப் பையனைக் கொல்லப் பார்த்தாய் என்று சொல்லிவிட்டாராம்.

பிரேக் என்பது குழாய்க்குள் எண்ணெய் தள்ளுகிற வேலை. குழாயில் காற்று நின்றுவிட்டால் மிதிக்கிற மிதி பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்கத் தெரியாதவன் மெக்கானிக்கே இல்லை. முதலாளி சொன்ன சொல், வண்டியை ஏற்றின லாரி திண்டுக்கல் வந்து சேருவதற்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. டவுனில் மகனுக்கு ஒரு பட்டறை உண்டு. அந்த வாரமே விட்டிருந்த வண்டிகளை ஒவ்வொருத்தராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவசரமாக ஊருக்குப் போக வேண்டும் என்று ஒருத்தர், மச்சான் கேட்கிறான் என்று ஒருத்தர். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். மகன் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

நான் மாடி ஏறினேன். முழங்கால் வலிக்காக நான் மாடி ஏறுவதை விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. அவள் திரைக்கு முன்னால் இருந்தாள்.

"தாயி, நீ பாத்துச் சொல்லு. எம்மகன் மேல தப்பில்லன்னு சொல்லு."

"பாக்கறேங்கம்மா. ஆனா என்ன வருதோ அதைத்தானுங்க சொல்லுவேன்."

"அப்ப அவன் மேல வந்தாலும் சொல்லுவியா?"

"சொல்லோணுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷம் என் கையால் தின்றவள். எவர் வாசலிலும் நிற்காதவள் அவள் வாசலில் போய் நின்றிருக்கிறேன், இதுதானா பதில் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அன்றைக்கும் மறுநாளும் அவள் கீழே வரவில்லை. சாப்பாட்டை மேலே அனுப்பினேன். கோபம் வேறு, சோறு வேறு.

அதற்கடுத்த நாள் காலை எல்லோரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னாள். முதலாளி வந்தார். தம்பி கழுத்தில் கட்டின தூளியில் கையைப் போட்டுக்கொண்டு வந்தான். என் மகன் கதவோரம் நின்றான், உள்ளே வரவில்லை. என்னையும் வரச் சொல்லியிருந்தாள். நொறுங்கின வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவள் கண் உள்ளே போயிருந்தது. குரல் மட்டும் எப்போதும் போல இருந்தது.

முதலில் இரண்டு கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள். ஒன்று, முன்பு நன்றாக ஓடின நாளின் பிரேக் கோடு. இன்னொன்று, மோதின நாளின் முதல் சுற்று. இரண்டும் பிரியவே இல்லை.

"ஏர் நின்னிருந்தா மொத மிதியிலயே தெரியுங்க. தெரியலை. பிரேக் வேலை சுத்தமா நடந்திருக்குதுங்க."

நான் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் கதவோரத்திலிருந்து உள்ளே ஓரடி வந்திருந்தான்.

பிறகு கடைசிச் சுற்றுகளைப் போட்டாள். தம்பி மிதிக்கிற மிதி ஆழமாகிக்கொண்டே போகிறது, பிரேக்கின் அழுத்தம் குறைந்துகொண்டே வருகிறது. இது எங்கே தொடங்கியது என்று தேடிப் பின்னாலேயே போனேன் என்றாள். போய்ச் சேர்ந்த இடம் சூட்டுக் கோடு. வலது முன்சக்கரம் எப்போதும்போல இருந்தது. இடது முன்சக்கரத்தின் சூடு ஆரம்பத்திலிருந்தே தனியாக மேலே ஏறியிருந்தது. சூடு எல்லை மீறினால் எண்ணெய் கொதித்து அதற்குள்ளேயே ஆவி கட்டிக்கொள்ளும், அதனால்தான் ஏர் நின்ற மாதிரியே மிதி உள்ளே போயிருக்கிறது என்று விளக்கினாள். இடது பக்கத்துக் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள்.

சக்கரத்துக்குக் காற்றுக் கொண்டுபோகிற கறுப்புக் குழாய் அது. மகன் உட்கார்ந்து அதைக் கழற்றித் தரையில் தட்டினான். கருகின உருண்டை ஒன்று விழுந்தது. விரலால் பிரித்தான். வாழை நார். நாரோடு சுருண்டுபோன செவ்வந்திப் பூ.

அது என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு ரேசுக்கும் முதலாளி விடியும் முன்னே திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி மாலை வாங்குவார். அதை வண்டியின் மூக்கில் போட்டுச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினால்தான் அவருக்கு மனசு ஆறும். வண்டி கிளம்புவதற்குமுன் மாலையைக் கழற்றிவிடுவார்கள். அன்றைக்குக் கழற்றின மாலையில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டது.

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. "சாமிக்குப் போட்ட மாலை. யாரைக் குத்தம் சொல்ல? விடுங்க, இதோட போச்சு" என்றார். என் மகன் பெருமூச்சு விட்டான். எனக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அவ்வளவுதான், எழுந்து போய்க் காப்பி போடலாம் என்று முட்டியில் கையை ஊன்றினேன்.

"இன்னும் முடியலைங்க" என்றாள் அவள்.

அந்தச் சூட்டுக் கோட்டைப் பெரிதாக்கினாள்.

"பூ விழுந்தது யாருக்கும் தெரியாதுங்க. சூடு ஏறுனது எனக்குத் தெரியும். அன்னைக்கு என் கண்ணு முன்னாலதான் ஏறுச்சு. இதுக்கு முந்தின ரேஸ்ல இதே சென்சார் கெட்டுப்போய்த் தப்பாக் காட்டுச்சுங்க. இப்பவும் அப்படித்தான்னு நானா நெனச்சுட்டேன். எடைஞ்சலா இருக்குதுன்னு அந்தக் கோட்டைத் திரையில இருந்து மறைச்சுட்டேனுங்க. ரேடியோவுல இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டி தடத்தை விட்டு உள்ள வந்திருக்கும்."

திரையில் விரலை வைத்தாள்.

"எந்த எடத்துலன்னு கேட்டா, இந்த எடத்துலங்க. நான்."

தம்பி தூளியில் கிடந்த தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். முதலாளிக்குக் கோபம் வந்தது. யாரும் கேட்காததை ஏன் சொல்கிறாய், மாலையோடு முடிந்திருக்குமே என்றார். அந்த இடத்தை விட்டுவிட்டால் மறுபடியும் அதே இடத்தில்தான் விழுவோம் என்றாள்.

அப்போதுதான் என் மகன் வாயைத் திறந்தான்.

"மாலையப் பிச்சு இழுத்தது நாந்தான். நேரமாச்சு நேரமாச்சுன்னு கத்துனாங்க. நார் அந்துச்சு. மிச்சம் எங்க போச்சுன்னு பாக்கல."

இதைச் சொல்லும்போது என் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது என்கிறேன்.

முதலாளி அவளை ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார். அவள் திரையை மடித்தாள். தடுத்தது தம்பிதான். எலும்பு முறிந்து நிற்கிறவன் அவன். இவள் போனால் இனி நான் இந்த வண்டியில் ஏற மாட்டேன், மறைத்ததைத் தானாக எடுத்துச் சொல்கிற ஆள் எனக்கு வேறு எங்கே கிடைப்பாள் என்றான். முதலாளி அவனையும் திட்டினார், அவளையும் திட்டினார், போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். கார் கிளம்பவில்லை. நான் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அவள் இருப்பதற்கு ஒரு நிபந்தனை போட்டாள். தனக்குப் புரியாத கோடு எது வந்தாலும் வண்டி உள்ளே வர வேண்டும், எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. முதலாளி தலையாட்டினார். எளிதாக ஆட்டிவிட்டார் என்று எனக்கு அப்போதே பட்டது.

முதலாளி ஒரு வேலை செய்தார், அதைச் சொல்ல வேண்டும். மகன் பட்டறைக்குத் தன் சொந்தக் காரைக் கொண்டுவந்து, பிரேக் முழுக்கப் பிரித்துப் பார் என்று ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது போதும். மச்சானுக்காக வண்டியை எடுத்துப் போனவர் அடுத்த வாரமே திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

வண்டியை மறுபடியும் கட்டி, தம்பிக்குக் கை கூடி, வருஷத்தின் கடைசி ரேஸ் வந்தது. இந்தத் தடவை நானும் வருகிறேன் என்றேன். ஒரு பெரிய தூக்குப் புளிசாதமும் துவையலும் கட்டிக்கொண்டு லாரியிலேயே ஏறினேன். முதலாளி மாலை வாங்கி வந்திருந்தார். ஆனால் வண்டிக்குப் போடவில்லை. லாரியின் முகத்தில் போட்டார்.

காலையில் என் மகன் காற்றுக் குழாய் இரண்டையும் கழற்றி, வாயை வைத்து ஊதிப் பார்த்து மாட்டினான். ரேஸ் தொடங்கியதும் அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். வண்டிகள் போகிற சத்தத்தில் என் பல்செட்டு ஆடியது. எனக்குத் தடம் தெரியவில்லை, அவள் திரைதான் தெரிந்தது. எங்கள் வண்டி இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போகிற வண்டியை எட்டிப் பிடிக்கிற தூரம். முதலாளி உட்காரவில்லை, நடந்துகொண்டே இருந்தார். அவருடைய அத்தனை வருஷத்தில் கோப்பை இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை என்று மகன் சொல்லியிருந்தான்.

முடிய இன்னும் கொஞ்சம் சுற்றுகள்தான் இருந்தன. அப்போது இடது சூட்டுக் கோடு ஏறியது.

நான் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. மகனும் குனிந்து பார்த்தான். "குழாய நானே ஊதிப் பாத்தேன். வண்டி சரியாத்தான் இருக்கு" என்றான். முதலாளி பின்னாலிருந்து, "சென்சார்தாம்மா. விடு. இன்னும் கொஞ்சந்தான்" என்றார். அவர் சொன்னதில் கெஞ்சலும் இருந்தது. இவள் மற்றக் கோடுகளை ஒரு தடவை பார்த்தாள். பிரேக் அழுத்தம் நன்றாகத்தான் இருந்தது. கோட்டை மறைக்கிற இடத்துக்கு அவள் கை போகுமா என்று நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ரேடியோவுக்குப் போனது.

"உள்ள வாங்க."

எதுக்கு என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

"எடது பக்கம் சூடு காட்டுது. எனக்குப் புரியலைங்க. உள்ள வாங்க."

வந்தான். மகன் ஓடிப்போய் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினான். வலது பக்கமும் நீட்டிப் பார்த்தான். இரண்டும் ஒரே சூடுதான். குனிந்து சென்சாரின் ஒயரைப் பிடித்தான், அது நைந்து போய் அவன் விரலோடு வந்தது. சென்சார்தான். வண்டிக்கு ஒன்றும் இல்லை. அதற்குள் எங்கள் வண்டியைத் தாண்டி எல்லா வண்டியும் போய்விட்டது.

முதலாளி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அவர் பேசியதைப் பேத்தியை வைத்துக்கொண்டு எழுத முடியாது. பக்கத்து டீம்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று முழுவதையும் கேட்டாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தினபோது சொன்னாள்.

"அடுத்த தடவையும் கூப்புடுவேனுங்க."

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் முகமும் நன்றாக இல்லை. அடுக்கி வைத்திருந்த டயரை ஓர் உதை உதைத்துவிட்டு எங்கேயோ நடந்து போனான். வெயில் சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து என்னிடம் சாப்பாடு கேட்டான். புளிசாதத்தை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து தின்றான். துவையல் மட்டும் இங்கிருந்து அங்கே போனது.

திரும்பி வரும்போது லாரியில் அவளிடம் கேட்டேன், வருத்தமா இல்லையா தாயி என்று.

"இருக்குதுங்கம்மா. கோப்பை வேணும்னுதான் நானும் வந்தேன்."

"பெறகு?"

"அன்னைக்கு மறைச்ச கையும் இதேதானுங்க. இது பழகோணும்."

ஒட்டன்சத்திரம் தாண்டுகிற வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆறு பேரை வளர்த்தவள் நான். பிடிவாதம் எத்தனை வகை என்று எனக்குத் தெரியும். அடுத்தவனை ஜெயிக்கிற பிடிவாதம் என் வீட்டிலேயே உண்டு, என்னிடமே நிறைய உண்டு. தோற்றாலும் பரவாயில்லை, தன்னைத் தானே ஏமாற்ற மாட்டேன் என்கிற பிடிவாதத்தை அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லாரிக்கு முன்னால் மாலை காற்றில் பிய்ந்துகொண்டே வந்தது.

அடுத்த வருஷம் வேறு ஊரில் ஒரு பெரிய டீம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, புளிப்பு சரியாக இருந்திருக்க வேண்டும். ஷெட்டில் இப்போதும் அந்த வண்டிதான் நிற்கிறது. முதலாளி இன்னும் கோப்பை வாங்கவில்லை, விடவும் இல்லை. அவள் இருந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருகிறான். புரியாத கோடு வந்தால் வண்டி உள்ளே வரும் என்ற சட்டத்தை மாற்ற அவர் துணியவில்லை.

எப்போதாவது போன் செய்வாள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். வலிக்குதுடி என்பேன். என்ன கேட்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

போதும் புள்ள. பேனாவ வை. தண்ணி குடிச்சுட்டு வந்து மொதல்ல இருந்து வாசி. மாலையப் பிச்சு இழுத்தது உஞ்சித்தப்பன்னு சொன்னேன்ல, நீ பேனாவ நிப்பாட்டிக்கிட்டு எம்மூஞ்சியப் பாத்தியே, அத எழுதுனியா, மறைச்சிட்டியா? அந்த எடத்துக்கு வந்ததும் சத்தமா வாசி.